உயிரோடு இருக்கிறவனுக்கு ஓர் அஞ்சலி போஸ்டர்

"...கிழிச்சிட்டா நான் உசுரோட கீறேன்னு அர்த்தம். கிழிக்காம வுட்டா நான் நடிகன்னு அர்த்தம். நீயே சொல்லு மாமு, எது பெருசு?"

ஞாயிற்றுக்கிழமை காலை, ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டவன் என் தோஸ்து. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். அவனுக்கு எதிரில் சுவரில் ஆள் உயரத்துக்கு அவனுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். "துரோகத்தால் சாய்ந்த எங்கள் சிங்கமே!" என்று சிவப்பு எழுத்து, அதன் கீழே அவன் முகம், வாயெல்லாம் பல். சாய்ந்த சிங்கமோ குளித்து, பவுடர் போட்டு, புது வேட்டி சட்டையில் மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தயாராக நின்றது. மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பிவிட்டதாக அப்போதுதான் எனக்குப் போன் வந்திருந்தது.

இந்த இடத்துக்கு அவன் எப்படி வந்து சேர்ந்தான் என்று சொல்ல வேண்டுமானால் பழைய படங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு மைக்செட் கடை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே ஸ்பீக்கர்தான், பாட்டை மட்டும் மாற்றிக்கொள்வோம். மாதா கோயில் விழாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் வாடகைக்கு விடலாம் என்று ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். சும்மா கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் கடை ஷட்டரை இறக்கி, வெள்ளைத் திரையைக் கட்டி, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் போடுவேன். பார்க்க வருவது தெருவில் நாலு குடும்பம். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை, படங்கள் ஒத்துவந்தன. அதிலும் எனக்குப் பிடித்தது ஒரே ரகம். ஒருத்தன் பெரிய ஆளாவான், ஆன பிறகு நாசமாய்ப் போவான். உட்கார்ந்து பார்க்க இதைவிட ஆறுதலான கதை உலகத்தில் இல்லை, முக்கியமாகப் பெரிய ஆளாகாத நமக்கு.

அந்தக் காலத்துப் படங்களில் புகழுக்கு ஒரு ரூட் உண்டு, பஸ் ரூட் மாதிரி. ஏறுகிற ஸ்டாப்பிங்கும் இறங்குகிற ஸ்டாப்பிங்கும் மாறாது. முதல் ரீலில் கிழிந்த ஜிப்பாவோடு ஒருவன் பட்டணத்தில் ரயிலை விட்டு இறங்குவான். ஊரில் அவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள், அவளுக்கு வேலை காத்திருப்பது. கொஞ்ச நேரத்தில் மேடை, கைதட்டல், மாலை. அப்புறம் பங்களா. பங்களா என்றால் நடுவில் வளைந்து இறங்கும் மாடிப்படி கட்டாயம். மாடிப்படி இல்லாத வீட்டுக்குப் புகழ் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. சில்க் கவுன் போட்டுக்கொண்டு கையில் பைப்போடு நாயகன் அதில் இறங்கி வந்தானென்றால் அவன் கதை முடியப்போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அடுத்த சீனில் ஒரு இருமல் வரும். இருமல் வந்துவிட்டால் நாங்கள் எழுந்து லுங்கியை உதறிக் கட்டிக்கொள்வோம். புகழுக்கு விலை கொடுக்கிற நேரம் வந்தாயிற்று.

என் தோஸ்து இந்த விலையை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"இன்னா நைனா பேஜாரு அவனுக்கு? பங்களா கீது, காரு கீது, ஊரே மால போடுது. தனியா கீறானாம்! அதுக்கு ஒரு அழுவாச்சி. எண்ணூர் ரோட்ல லாரி லைன்ல நாள் கணக்கா நான் தனியாத்தான் குந்திக்கினு கீறேன். எனக்கு எவனாச்சும் படம் எடுத்தானா?"

"இருமிக்கினு கீறான்யா பாவம்" என்பேன்.

"இருமலா! மாமு, நமக்கு இருமல் ஆல்ரெடி கீது. புகழ்தான் பாக்கி."

எங்கள் பக்கத்துக் காற்றை மூக்கால் இழுத்தவனுக்குத்தான் தெரியும், அந்தப் படங்களில் கடைசி ரீலில் கிடைப்பது எங்களுக்கெல்லாம் பிறக்கும்போதே இனாம் என்று. அவன் சம்சாரத்தின் கவலை வேறு. "அந்தப் பொம்பள எதுக்குண்ணா ஸ்டேஷன்லயே நின்னுகினு கீறா? வூட்டுக்குப் போய் சோறு வடிச்சாலும் அவன் வரப்போறதில்ல. பசியாவது அடங்கும்" என்பாள். படத்தின் வசனத்தைவிட இவர்கள் வசனத்துக்காகத்தான் நான் திரை கட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

தோஸ்துக்கு சினிமாவில் முகம் காட்ட வேண்டும் என்பது இன்று நேற்று வந்த ஆசையில்லை. லாரி வரிசையில் நிற்கும்போதெல்லாம் சைடு கண்ணாடியில் கோபம், சோகம், காதல் என்று வரிசையாகப் பார்த்துக்கொள்வான். பின்னால் நிற்கிற டிரைவர் ஹாரன் அடித்தால் அதையும் கைதட்டலாக எடுத்துக்கொள்வான். கூட்டத்தில் நிற்கிற வேலைக்கு அவ்வப்போது கூப்பிடுவார்கள். ஓடு என்றால் ஓடுவான், கத்து என்றால் கத்துவான். படம் வந்தால் அந்த சீனே இருக்காது. ஒரே ஒரு தடவை அவன் முழங்கை வந்தது. குடும்பத்தோடு தியேட்டருக்குப் போயிருந்தோம். ஹீரோவின் காதுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று அசைந்ததும் "தோ, என் கை!" என்று எழுந்து நின்று கத்தினான். நாங்களும் விசிலடித்தோம். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "ஹீரோ அழுவுறாரு, நீங்க இன்னாய்யா விசிலடிக்கிறீங்கோ?" என்று கேட்டார். ஒரு முழங்கைக்காக வாங்கிக் கட்டிக்கொண்ட குடும்பம் அது.

போன மழைக்காலம் முடிந்ததும் எங்கள் தெருவுக்கே ஒரு படக் கம்பெனி வந்து இறங்கியது. எங்கள் பக்கத்தில் வருஷம் முழுக்க மீன் கிடைக்கிற மாதிரி வருஷம் முழுக்க ஷூட்டிங்கும் கிடைக்கும். எல்லாம் ஒரே கதை. வெட்டுவான், வெட்டுப்படுவான், கடற்கரையோரம் ஓடுவான். எங்கள் தெருவில் பல் டாக்டர் இருக்கிறார், டியூஷன் சென்டர் இருக்கிறது, பெண்கள் ஸ்கூட்டியில் ஆபீஸ் போகிறார்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பினதே கிடையாது. ஒரு வீட்டுக்காரர் மகன் கல்யாணத்துக்காகச் சுவருக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார். படக் கம்பெனி ஆட்கள் அவரிடம் மரியாதையாக அனுமதி கேட்டு அதை அழுக்காக்கினார்கள். அழுக்காக்குவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், என்ன நேர்த்தி! எங்கள் பாட்டன் காலத்து அழுக்குகூட அவ்வளவு தத்ரூபமாக இருந்ததில்லை.

தோஸ்துக்கு ஒரு வரி வசனம் கொடுத்தார்கள். ஹீரோவைப் பார்த்து அவன் "என்ன, எங்கே போகிறாய்?" என்பதை எங்கள் பாஷையில் கேட்க வேண்டும். கேட்டான். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த உதவி இயக்குநர் தலையைச் சொறிந்தார். அவர் எந்த ஊரோ, நல்ல பிள்ளை, எல்லாரையும் அண்ணே என்பார்.

"அண்ணே, நீங்க பேசுறது லோக்கலா இல்லையே."

"இன்னா சார் சொல்ற? நான் பொறந்ததே மூணாவது வூட்ல சார்."

"அது சரிண்ணே. ஆடியன்சுக்கு லோக்கலா கேக்கணும்ல? 'இன்னாமே'ன்னு இழுங்க."

"அது பொம்பளைங்கள கூப்புடறது சார். உங்க ஹீரோ ஆம்பளதானே?"

கூட்டம் சிரித்தது. ஹீரோ சிரிக்கவில்லை. வசனம் வேறொருவருக்குப் போயிற்று. அவருக்கு எங்கள் பாஷையைக் கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பேச்சை எங்களுக்கே புரியாதபடி அவர் சொல்லிக்கொடுத்தார்.

மனசு உடைந்து நின்ற தோஸ்தை அந்த உதவி இயக்குநர் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க மூஞ்சியில ஒரு நல்லவன் இருக்காரு. இந்த மூஞ்சியக் கொன்னா ஜனங்க கொதிச்சிடுவாங்க. படத்துல ஹீரோவோட அண்ணனா நீங்க செத்துப் போயிடுறீங்க. போஸ்டர்ல வர்றீங்க" என்றிருக்கிறார். தோஸ்து என் கடைக்கு ஓடி வந்தான்.

"மாமு! வசனம் கெடையாது, நட கெடையாது, உசுரும் கெடையாது. ஆனா கதையே என்னாலதான் நடக்குது! நான் சாவலன்னா ஹீரோவுக்கு வேலையே இல்ல!"

இப்படித்தான் சாவது பதவி உயர்வு ஆயிற்று.

போட்டோவுக்கு முதலில் முறைத்தான். உதவி இயக்குநர் வேண்டாம் என்றார். செத்தவர் சிரிக்க வேண்டும், அப்போதுதான் இருக்கிறவர்கள் அழுவார்களாம். சிரித்தான். படம் பிரமாதமாக வந்தது. போஸ்டர் ஒட்டின அன்று பார்த்தால் நெற்றியில் பட்டையாக விபூதி. கம்ப்யூட்டரில் பூசியிருக்கிறார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு பூசைக்குப் போகிறவன் அவன். கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்த பெரியம்மா ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "செத்துட்டான்னு போட்டதுகூடப் பரவால்லப்பா. எந்த வழியா போனான்னு மாத்திப் போட்டுட்டாங்களே!"

அவன் சம்சாரம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணாலத்தப்போ எடுத்த போட்டோவுல உர்ருனு நின்ன. செத்ததுக்கு இம்மாம் சிரிப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஹீரோ போஸ்டரைத் தாண்டி நடந்து போவதைத் தூரத்திலிருந்து எடுத்தார்கள். அதில் முகம் தெரியாது. முக்கியமானது அடுத்தது. ஹீரோ போஸ்டருக்கு முன்னால் வந்து நிற்பார், அண்ணன் கன்னத்தைத் தடவுவார், சபதம் எடுப்பார். திரை முழுக்க தோஸ்தின் முகம். அதை வெள்ளிக்கிழமை எடுப்பதாக ஏற்பாடு. அதுவரைக்கும் போஸ்டர் அப்படியே இருக்க வேண்டும், ஒரு மூலைகூட மடங்கக் கூடாது, கன்டினியூட்டி என்றார் உதவி இயக்குநர்.

அந்தச் சொல் தோஸ்துக்கு வேதவாக்காகிவிட்டது. தன் அஞ்சலி போஸ்டருக்குத் தானே காவல்காரனாகி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். ஆடு வந்தால் விரட்டுவான். வெற்றிலை போட்டுக்கொண்டு யாராவது அந்தப் பக்கம் திரும்பினால், "யோவ், கன்டினியூட்டி! தள்ளித் துப்பு!" என்பான். லாரி வரிசையில் செய்தி பரவி, விஷயம் தெரியாத இரண்டு டிரைவர்கள் எண்ணூரிலிருந்து மாலையோடு வந்துவிட்டார்கள். போஸ்டரைப் பார்த்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கமான ஆளு. ஆனா ரிவர்ஸ் மட்டும் எடுக்கத் தெரியாது" என்றார் மற்றவர். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிணத்துக்குப் பொறுக்கவில்லை. "எவன்டா சொன்னது ரிவர்ஸ் தெரியாதுன்னு?" என்று எழுந்தது. மாலையைப் போட்டுவிட்டு ஓடினவர்களைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, வெள்ளிக்கிழமை வரைக்கும். வெள்ளிக்கிழமை ஹீரோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சபதம் எடுக்கக் குரல் வேண்டுமே? ஷூட்டிங்கைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

அவன் மகள் பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைப் பையனும் அங்கேதான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பட்டணத்தில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். இவர்களும் அவர்களும் ஒரே வேதம்தான், அதில் சிக்கலில்லை. ராயபுரம் என்பதுதான் சிக்கல். "அங்கேயா? அங்க பட்டப்பகல்ல வெட்டுவானுவளே!" என்று அந்த வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். எங்கே பார்த்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் பார்த்தது சினிமாவில். அந்தப் பெண் பொறுமையாக இரண்டு வருஷம் பேசினாள். பையனின் பெரியப்பாவைக் கூட்டி வந்து தெருவைக் காட்டினாள், பல் டாக்டரைக் காட்டினாள், டியூஷன் சென்டரைக் காட்டினாள். எங்கள் தெருவைச் சுற்றுலாத் தலமாகப் பார்த்த முதல் மனிதர் அவர்தான். கடைசியில் அவர் சம்மதித்தார், அவர் சொல்லி மற்றவர்களும் முனகிக்கொண்டே சம்மதித்தார்கள். அவ்வளவு பாடுபட்டு அவள் ஒட்டவைத்த கல்யாணத்துக்கு முன்னால், தெருவுக்குள் நுழைகிற ஒரே வழியில், பெண்ணைப் பெற்றவன் துரோகத்தால் வெட்டிச் சாய்க்கப்பட்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெரியப்பா எனக்கு போன் செய்தார். நிச்சயதார்த்தத்துக்கு மைக்கும் விளக்கும் என்னுடையது என்பதால் என் நம்பர் அவரிடம் இருந்தது.

"தம்பி, தப்பா நினைக்கப்படாது. சம்மந்தி நல்லா இருக்காகல்லா?"

"இருக்கான் சார். எதிர்லதான் டீ குடிச்சிக்கிட்டிருக்கான்."

"அப்ப செவுத்துல? எங்க லோடு வண்டிக்காரரு பாத்துட்டு வந்து சொல்லுதாரு."

"அது சினிமாவுக்கு சார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சினிமான்னு எனக்கு விளங்குது தம்பி. வேன் நிறைய ஆளுவ வாராவல்லா? அதுல பாதிப் பேரு ராயபுரத்துல பொண்ணு எடுக்காதிய, வெட்டுக்குத்துன்னு சொன்னவக. அதெல்லாம் சும்மா சினிமாவுல காட்டுதான்னு நான்தான் சமாதானம் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நீங்களும் சினிமான்னே சொல்லுதிய."

கடையிலிருந்து எட்டிப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"சகுனம் பாக்கப்படாதுன்னு கோயில்ல சாமியார் சொல்லுதாரு, நாங்களும் பாக்க மாட்டோம். ஆனா கண்ணுல பட்டுச்சின்னா பாத்த மாதிரிதானே? சுத்தமா எடுத்துருங்க. மூடி கீடி வைக்காதிய, அடியில இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இல்லன்னா வேன் முனையிலயே திரும்பிரும். அப்புறம் நான் சொல்லி ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அவர் வேண்டாம் என்று சொன்னதைத்தான் நாங்கள் முதலில் செய்தோம். நிச்சயதார்த்தத்துக்கு அடித்து வைத்திருந்த வரவேற்பு பேனரை, சீரியல் லைட்டு கட்டுகிற கயிற்றால் போஸ்டருக்கு மேலே இழுத்துக் கட்டினேன். ஒரு நிமிஷம் அழகாகத்தான் இருந்தது. பிறகு கடல் காற்று வந்தது. பேனரின் கீழ்ப்பாதியைத் தூக்கித் தோளில் போட்டது. மேலே "அன்புடன் வரவேற்கிறோம்", கீழே தோஸ்தின் சிரிப்பு, அதற்கும் கீழே "கண்ணீர் அஞ்சலி". எல்லாம் சேர்த்துப் படித்தால் மாப்பிள்ளை வீட்டாரை நேராக மேலுலகத்துக்கு அழைக்கிற மாதிரி இருந்தது. அவன் சம்சாரம் மேலும் கீழும் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி இருந்ததே மேலுண்ணா" என்றாள்.

தோஸ்து உதவி இயக்குநருக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில்தான் போட்டான், நானும் கேட்டேன். சுற்றி வளைத்து, நிச்சயதார்த்தம், சம்மந்தி, வேன் எல்லாம் சொன்னான். ஒருநாள் மட்டும் எடுத்துவிட்டு மறுநாள் அதே போஸ்டரைத் திரும்ப ஒட்ட முடியுமா என்று கேட்டான்.

"ஐயோ, தாராளமா கிழிச்சிடுங்கண்ணே! குடும்பம்தான் முக்கியம்" என்றார் அந்த நல்ல பிள்ளை. "அந்தப் பசை வேறண்ணே, முழுசா வராது. புதுசு அடிக்கணும்னா டிசைன்ல அண்ணன் கேரக்டருக்கு வேற ஆளு போட்டோ ரெடியா இருக்கு. டைரக்டருக்கு முதல்லயே அவர்தான் பிடிச்சிருந்தது. லாங் ஷாட்ல மூஞ்சி தெரியலைல்ல? ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே."

திட்டியிருந்தால்கூட தோஸ்து தாங்கியிருப்பான். ஒண்ணும் பிரச்சினை இல்லை என்றதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "கதையே என்னாலதான் நடக்குதுன்னு நெனச்சேன் மாமு" என்றான். "பொணத்துக்குக்கூட ஆள் ரெடியா வச்சிகீறானுங்கோ."

பழைய படமாக இருந்தால் இந்த இடத்தில் நாயகன் மாடிப்படியில் தலைசாய்த்து உட்காருவான், வயலின் வாசிப்பார்கள். இவன் உட்கார்ந்திருந்தது என் கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட ஸ்பீக்கர் பெட்டி மேல். வயலினுக்குப் பதில் பக்கத்து ஒர்க்ஷாப்பில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து மகள் வந்தாள். பேனரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அதற்குள் பையன் அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தான். அழுவாள், சண்டை போடுவாள் என்று நான் நினைத்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கிழிக்கட்டுமாம்மா?" என்றான் தோஸ்து. கேட்ட விதத்திலேயே வேண்டாம் என்று சொல்லமாட்டாளா என்கிற நப்பாசை தெரிந்தது.

"நான் சொல்ல மாட்டேம்பா. நான் சொல்லி நீ கிழிச்சா, சாவுற வரைக்கும் உன்னாலதான் நான் ஆர்ட்டிஸ்ட் ஆவலன்னு சொல்லிக் காட்டுவ. எனக்கு வேணாம் அது. கிழிச்சா நீயா கிழி."

"இல்லம்மா, ஒரே ஒரு நாளு..."

"அவங்க திரும்பிப் போனாலும் நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாமா, அந்த பேனர அவுத்துடுங்க. அசிங்கமா கீது." உள்ளே போய்விட்டாள்.

ஏழு ரீலில் சொல்ல வேண்டியதை அந்தப் பெண் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சொல்லிவிட்டாள். நான் பேனரை அவிழ்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பூசைக்குப் போய்விட்டு எல்லாரும் வந்தோம். வீட்டுக்குள் பெண்கள் தட்டுகளில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கு கட்டிக்கொண்டிருந்தேன். தோஸ்து ஒரு வேலையும் செய்யாமல் தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். "இந்நேரம் யாரும் பாக்க மாட்டாங்கோ, வெயில்ல கண்ணு கூசும்" என்றான். "வேன்ல கர்ட்டன் இருக்கும் மாமு" என்றான். எல்லாவற்றுக்கும் நான் உம் கொட்டினேன். பெரியப்பா போன் செய்து, வேனில் ஏறிவிட்டோம், எடுத்தாயிற்றா என்று கேட்டார். எடுத்துக்கொண்டே இருக்கிறோம் சார் என்றேன். வேறென்ன சொல்ல?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவன் சம்சாரம் ஒரு பக்கெட் தண்ணீரையும் தோசைத் திருப்பியையும் போஸ்டருக்குக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் தோசைத் திருப்பி. பக்கெட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். வாசலில் மகள் நின்றாள், இங்கே பார்க்காமல் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டு.

தோஸ்து தன் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். தொட்டுப் பார்த்தான். பசை காய்ந்து சுவரோடு சுவராக இருந்தது. பிறகுதான் என் பக்கம் திரும்பி, முதலில் நான் சொன்னேனே, அதைக் கேட்டான்: உசுரோட இருப்பது பெரிசா, நடிகனாக இருப்பது பெரிசா.

நான் பார்த்த படங்களிலெல்லாம் இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் எல்லாம் கடைசி ரீலில், எல்லாம் போன பிறகு, இருமலுக்கு நடுவில் வருகிற பதில். வேன் இன்னும் வராத தெருவில், மனுஷன் கல்லுமாதிரி முழுசாக நிற்கும்போது சொல்கிற மாதிரி ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. "தண்ணிய ஊத்தி ஊற வுடு நைனா, மெதுவா உரிச்சா மூஞ்சியாவது மிஞ்சும்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் அதற்கு நிற்கவில்லை. புதுச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டான். வேட்டியை மடித்துக் கட்டினான். தோசைத் திருப்பியை எடுத்தான். சிவப்பு எழுத்தை விட்டான், சிங்கத்தை விட்டான், தண்ணீரைத் தொடக்கூட இல்லை. நேராகத் தன் முகத்தின் மேல் வைத்து, நெற்றியிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்ட ஆரம்பித்தான்.